பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா, கூட்டிப்போவதா?

வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் போனால் பெரிது. ராத்திரி மூன்று மணி வரை போன் வெளிச்சம், பகலில் தூக்கம், ஏதாவது கேட்டால் சீறல். பெற்றோர் கெஞ்சிப் பார்த்தாயிற்று, மிரட்டிப் பார்த்தாயிற்று, வேண்டாத தெய்வம் இல்லை. உறவில் ஒருவர் "அடியாத மாடு படியாது" என்கிறார். இன்னொருவர் "ஹாஸ்டலில் போடு, தானாகச் சரியாகிவிடுவான்" என்கிறார். இப்படி அலைந்துகொண்டிருக்கும் பெற்றோரின் கண்ணில்தான் இணையத்தில் அந்தப் படங்கள் படுகின்றன. பைன் மரங்கள், நடுவில் மூட்டிய நெருப்பு, முதுகில் பையோடு சிரிக்கும் பிள்ளைகள். இயற்கை குணமாக்கும் என்று கீழே எழுதியிருக்கும்.

இயற்கை உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காட்டுச் சிகிச்சை என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷயங்கள் நடக்கின்றன. பாலைவனத்தில் மூன்று மாதம் நடக்கவைப்பதும் அந்தப் பெயர்தான், சனிக்கிழமை காலையில் பக்கத்துத் தோப்பில் விறகு பொறுக்குவதும் அந்தப் பெயர்தான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருக்கும் காடு, பிள்ளையின் சம்மதம், விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் கூடவே இருப்பது, இந்த மூன்றும் அமையும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தூரத்து முகாம் கடைசி. அதுவும் பல கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் கிடைத்த பிறகு.

முதலில் காடு என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. பத்து வயது வரை வீட்டைச் சுற்றி மிகக் குறைந்த பசுமையோடு வளர்ந்தவர்களுக்கு, மிக அதிகப் பசுமையில் வளர்ந்தவர்களைவிடப் பின்னாளில் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. குடும்ப வருமானம், பெற்றோரின் மனநோய் வரலாறு, நகரமா கிராமமா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை வைத்துப் பார்த்ததில், வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம் செடிகளுக்கு நடுவே இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, நாலு தடவை அரை மணியா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. 2015-ல் ஸ்டான்ஃபோர்டில் 38 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், இயற்கையில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் குறைந்திருந்தது. வாகனம் நிறைந்த சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. சோர்ந்துபோன பதின்வயதுப் பிள்ளைகளைத் தின்பதே இந்த அசைபோடல்தான் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

ஜப்பானின் வனக் குளியலைப் பற்றியும் கேட்பார்கள். அந்நாட்டு வனத்துறை 1982-ல் தொடங்கி வைத்தது அது. காட்டில் மெதுவாக நடப்பது, உட்கார்வது, வாசனையும் சத்தமும் உள்ளே வர விடுவது. ரத்த அழுத்தம், மன அழுத்த ஹார்மோன் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் பெரியவர்களை வைத்துச் செய்தவை அவை. சிக்கலில் இருக்கும் பதினைந்து வயதுக்காரனிடம் "சும்மா உட்கார்ந்து காற்றை அனுபவி" என்றால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான். அந்த வயதுக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும்.

இந்த ஆய்வுகள் எதுவும் பிள்ளையை மூன்று மாதம் காட்டில் விட்டால் குணமாகும் என்று சொல்லவில்லை. மரங்களுக்கு நடுவே இருப்பது நல்லது என்பதுவரைதான் அவற்றின் பேச்சு. விளம்பரங்கள் இங்கிருந்து அங்கே ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன.

அமெரிக்க முகாம்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சந்திக்கும் வழி தூரத்துக் காட்டு முகாம்தான். இதன் வேர் இரண்டு இடத்தில் இருக்கிறது. 1941-ல் வேல்ஸின் அபர்டோவியில் கர்ட் ஹான் முதலியோர் இளம் மாலுமிகளுக்காக அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். கடலிலும் மலையிலும் கஷ்டத்தைச் சந்தித்தால் மனம் உரம் பெறும் என்பது அவர்கள் கருத்து. பிறகு 1960-களின் கடைசியில் யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் வனத்தில் பிழைத்திருக்கும் பயிற்சி ஒன்று தொடங்கியது. அதிலிருந்து கிளைத்துத் தனியார் சிகிச்சை முகாம்கள் வந்தன. யூட்டா அவற்றின் தலைநகரம் போலவே ஆனது.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம். பத்துப் பிள்ளைகளுக்குள் ஒரு குழு. தார்ப்பாய்க்குக் கீழே தூக்கம், முதுகில் சுமை, தீப்பெட்டி இல்லாமல் மரத்தோடு மரம் உரசி நெருப்பு மூட்டப் பழகுவது, போன் கிடையாது. மனநல நிபுணர் வாரத்தில் ஒருமுறையோ இருமுறையோ வந்து பேசுவார். பெற்றோரோடு தொடர்பு பெரும்பாலும் கடிதத்தில்.

இதில் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. சாகசம் சார்ந்த சிகிச்சைகள் பற்றிய 197 ஆய்வுகளை 2013-ல் போவன், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். முன்னேற்றத்தின் அளவு 0.47. ஆய்வாளர்கள் கணக்கில் இது நடுத்தரமான, மதிக்கத்தக்க அளவு. வேறு சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழுக்களில் 0.14, எதுவும் பெறாதவர்களில் 0.08. முடிந்த பிறகும் அந்தப் பலன் பெரும்பாலும் நின்றது. ஆனால் அந்த 197-ல் எல்லாவகை நிகழ்ச்சிகளும் உண்டு. நீண்ட பாலைவன முகாம்கள் ஒரு பகுதிதான். அமெரிக்க முகாம்களைப் பற்றிய ஆராய்ச்சியில் கணிசமானது முகாம் நிறுவனங்களின் கூட்டமைப்பு பணம் கொடுத்து நடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி விலை. நாளொன்றுக்கு 500 டாலருக்கு மேல் கேட்கும் முகாம்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு 50,000 டாலரைத் தொடும். ரூபாயில் 40 லட்சத்துக்கு மேல். காப்பீடு முழுதாகக் கொடுப்பது அபூர்வம். வீட்டை அடமானம் வைத்துக் கட்டிய குடும்பங்கள் இருக்கின்றன.

பணத்தைவிட என்னைக் கலங்க வைப்பது பிள்ளை அங்கே போய்ச்சேரும் விதம். வர மறுக்கும் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லவே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் படுக்கையறைக்குள் வந்து எழுப்பி, வண்டியில் ஏற்றி, விமானத்தில் கொண்டுபோவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத்தான் இது நடக்கிறது. இப்படிப் போனவர்களில் பலர் பெரியவர்களான பின்பும் அந்த இரவைச் சொல்லி அழுவதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். ஏற்கெனவே யாரையும் நம்பாத பிள்ளைக்கு, தன் வீட்டுக் கதவையும் நம்ப முடியாது என்று கற்றுக்கொடுத்துவிட்டு எங்கே சிகிச்சையைத் தொடங்குவது?

உயிர் போன கதைகளும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2007-ல் இத்தகைய தங்கும் நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, 1990 முதல் ஆயிரக்கணக்கான கொடுமைப் புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னது. பத்து இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. அதில் அடிக்கடி தென்பட்ட காரணம் ஒன்று: பிள்ளை தலைசுற்றுகிறது, வயிறு வலிக்கிறது, தண்ணீர் வேண்டும் என்று சொன்னபோது, நடிக்கிறான், ஏமாற்றப் பார்க்கிறாள் என்று பணியாளர்கள் நினைத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வட கரோலினா முகாம் ஒன்றில், வந்து ஒரு நாள் முழுதாக ஆகும் முன்பே பன்னிரண்டு வயதுச் சிறுவன் இறந்தான். அந்த முகாமின் உரிமத்தை மாநில அரசு ரத்து செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இத்தகைய இடங்களைக் கண்காணிப்பதற்கான முதல் படியாக மத்தியச் சட்டம் ஒன்றும் வந்தது. ஊரை விட்டுத் தள்ளி, கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், தப்பிப்போக முடியாதவர்களை வைத்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டபடியே 28 பேர் தீயில் போனபோது நாமும் பார்த்தோம்.

எல்லா முகாமும் அப்படி இல்லை. அன்பானவர்கள் நடத்தும் முகாம்கள் உண்டு, அங்கே போய் மீண்டவர்களும் உண்டு. ஆனால் நல்ல முகாமிலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பிள்ளை மாறி வருகிறது, வீடு மாறாமல் இருக்கிறது. அதே அறை, அதே பள்ளி, அதே சண்டை. அதனால்தான் முகாம் முடிந்ததும் "இன்னும் வீட்டுக்குத் தயாராகவில்லை" என்று சொல்லிப் பல பிள்ளைகளை நேராகச் சிகிச்சை விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மூன்று மாதம் என்று தொடங்கியது ஒன்றரை வருடம் ஆகிவிடும். செலவும் அப்படியே.

நார்வே மருத்துவமனை செய்வது

நார்வேயின் தெற்கே சோர்லாண்டட் மருத்துவமனை, இதே யோசனையை எடுத்துத் தன் பதின்வயது மனநலப் பிரிவுக்குள் வேறுமாதிரி அமைத்தது. 16 முதல் 18 வயதுப் பிள்ளைகள், சிறு குழு, சுமார் பத்து வாரம். பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். குறிப்பிட்ட நாட்களில் பக்கத்துக் காட்டுக்கும் கடற்கரைக்கும் போவார்கள், நடுவில் இரவு தங்கும் பயணங்களும் உண்டு. கூட வருபவர்கள் அதே மருத்துவமனையின் சிகிச்சையாளர்கள். விரும்பினால்தான் சேரலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பிள்ளைக்கு மருந்து மாற்ற வேண்டுமா, தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று பார்க்கத் தெரிந்தவரே பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கிறார். கிளினிக்கில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து "எப்படி இருக்கே?" என்று கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் நடந்துகொண்டே போகும்போது தானாக வரும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, மௌனமும் சங்கடமாக இல்லை. பதின்வயதுப் பிள்ளைகளோடு பழகிய யாருக்கும் இது தெரியும். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும்தான் அவர்கள் நிஜத்தைச் சொல்வார்கள்.

இதன் பலனை எண்ணில் நிரூபிப்பது எளிதாக இல்லை. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வை அங்கே முயன்று, முடிக்க முடியாமல் போனது. அந்தச் சிரமத்தையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மையே எனக்கு நம்பிக்கை தருகிறது. நம் ஊரில் மருத்துவமனைச் சேவையாக இது இன்னும் பரவவில்லை. ஆனால் இதன் அமைப்பை ஒரு மனநல மருத்துவரும் ஒரு பள்ளியும் சேர்ந்தால் இங்கே கட்டிவிடலாம். பெரிய முதலீடு எதுவும் வேண்டாம்.

வாரம் ஒரு காலை

பிரிட்டனில் இருக்கும் பெற்றோருக்கு இன்னும் எளிய வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். சோமர்செட்டில் உள்ள பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரர்கள் 1993-ல் டென்மார்க் போய், அங்கே சின்னக் குழந்தைகள் வெளியிலேயே கற்பதைப் பார்த்துவந்து தொடங்கியதுதான் அங்குள்ள வனப்பள்ளி இயக்கம். வாரம் ஒருமுறை, அதே காடு, அதே ஆட்கள், பல மாதங்கள். கத்தியால் மரம் செதுக்கிக் கரண்டி செய்வது, தார்ப்பாய் கட்டுவது, நெருப்பில் தேநீர் போடுவது. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட, வகுப்பில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கும் இதைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

கத்தியைக் கையில் கொடுப்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "உன்னை நம்ப முடியாது" என்று எல்லோரும் சொல்லும் பிள்ளையிடம், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டுக் கூரான கத்தியைக் கொடுக்கிறார் ஒருவர். அந்த நம்பிக்கைக்கு ஈடாக வேறு எந்த அறிவுரையும் வேலை செய்யாது. தன்னைக் கீறிக்கொள்ளும் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் வேறு வேலை கொடுப்பார்.

இது சிகிச்சை இல்லை என்பதும் உண்மை. நடத்துபவர் பயிற்சி பெற்ற வழிகாட்டி, மனநல மருத்துவர் இல்லை. பள்ளி வெறுப்பு, நண்பர் இல்லாத தனிமை, ஓடிக்கொண்டே இருக்கும் கவனம், அடங்காத கோபம் ஆகியவற்றுக்கு நல்ல துணை. ஆழ்ந்த மனச்சோர்வுக்கு இது மட்டும் போதாது. கவுன்சிலிங்கோடு சேர்த்தால் பலன் தெரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இதுதான் பெரும்பாலும் ஒத்துவரும், ஏனென்றால் இடமும் ஆளும் நேரமும் மாறுவதில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கையில் என்ன இருக்கிறது?

தேசிய மனநல ஆய்வு 2015-16-ன்படி இந்தியாவில் 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. ஒரு வகுப்பறைக்கு இரண்டு மூன்று பிள்ளைகள். அத்தனை பேருக்கும் நிபுணர் கிடைப்பது கடினம். அதனால் நான்காவது வழியைக் குடும்பமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்: வாரம் இரண்டு மணி நேரம், நிரந்தரமாக ஒரு இடம், நிரந்தரமாக ஒரு வேலை.

இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் கிண்டியோ அடையாறு தொல்காப்பியப் பூங்காவோ போதும். ஊர்ப்பக்கம் என்றால் கண்மாய்க் கரை, தாத்தாவின் தென்னந்தோப்பு. வேலைதான் முக்கியம். பறவை பார்ப்பது நல்ல தொடக்கம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். தன்னைப் பற்றி எதுவும் பேசத் தேவையில்லை, ஆனால் தான் எழுதும் எண்ணிக்கை யாருக்கோ பயன்படுகிறது. நாற்றுப் பண்ணையில் பை நிரப்புவது, பக்கத்து ஏரியைச் சுத்தம் செய்யும் குழுவோடு போவது போன்றவையும் இதே ரகம்.

மலையேற்றம் என்றால் ஒரு எச்சரிக்கை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதியில்லாத பாதையில் எந்தக் குழுவோடும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். அதில் எளிதான பாதை ஒன்றில் அப்பாவும் பிள்ளையும் மட்டும் போய்வரலாம். உறவுக்கூட்டம் வேண்டாம். போகிற வழியில் மார்க் பற்றிய பேச்சு வேண்டவே வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பையனை அனுப்பும் வீடுகள் பெண்ணை உள்ளேயே வைத்துவிடுகின்றன. மனச்சோர்வும் பதற்றமும் அந்த வயதில் பெண்களிடம்தான் அதிகம். பாதுகாப்புக் கவலை நியாயமானது. அதற்கு விடை பெண் வழிகாட்டி இருக்கிறாரா, கழிப்பறை எங்கே, மாதவிடாய் நாளில் என்ன ஏற்பாடு என்று கேட்பதுதான். அம்மாவோ சித்தியோ கூடப் போகலாம்.

வீட்டு வழியின் பலவீனம் தெரிந்ததே. நாலு வாரம் ஓடும், ஐந்தாவது வாரம் கல்யாண வீடு, அப்புறம் நின்றுபோகும். அதனால் பொறுப்பை அப்பா அம்மாவிடம் மட்டும் விடாமல், பிள்ளைக்குப் பிடித்த மாமாவையோ பள்ளி பி.டி. மாஸ்டரையோ சேர்த்துக்கொள்வது நல்லது. சில சமயம் பெற்றோர் இல்லாமல் இருப்பதே பிள்ளைக்கு ஓய்வு.

எந்தக் காடும் வேண்டாம் என்ற நிலைமை

சாக வேண்டும் என்று சொல்கிற, அதற்கு வழி தேடுகிற பிள்ளைக்கு முதலில் மருத்துவர். இல்லாத குரல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கும், சாப்பாட்டையே ஒதுக்கி எலும்பாகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 14416 என்ற டெலி மனாஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அமெரிக்காவில் 988. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை வெயிலில் நடக்கப் போகிறது என்றால் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். உதாரணமாக லித்தியம் எடுக்கும் பிள்ளைக்கு உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

இந்தியாவில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை மனநல நிலையத்தில் சேர்ப்பதற்கே தனி விதிகள் இருக்கின்றன. இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ பாதுகாவலரோ, அவர்கள் அமர்த்தும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். ஒழுங்குபடுத்தும் முகாம், குணப்படுத்தும் இல்லம் என்று பெயர் போட்டுக்கொண்டு "மூன்று மாதம் நீங்கள் வந்து பார்க்கக் கூடாது" என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும் இந்த விதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டு, தூரத்து முகாம்தான் என்று ஒரு குடும்பம் முடிவுக்கு வரலாம். அப்போது கேட்க வேண்டியவை இவை. உரிமம் யாரிடம், கடைசியாக யார் வந்து சோதித்தார்கள்? பிள்ளையோடு இரவு பகல் இருப்பவரின் படிப்பு என்ன, சம்பளத்துக்கு வந்த இருபது வயதுக்காரரா? காய்ச்சல் என்று பிள்ளை சொன்னால் எத்தனை நேரத்தில் மருத்துவர் பார்ப்பார்? முடிந்து வந்தபின் வீட்டோடு எத்தனை மாதம் தொடர்பு வைத்திருப்பீர்கள்? பிள்ளை வர மறுத்தால் என்ன செய்வீர்கள்? கடைசியாக, நான் நினைத்த நேரத்தில் என் பிள்ளையோடு தனியாகப் போனில் பேசலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "சிகிச்சை கெட்டுவிடும்" என்று பதில் வந்தால், முன்பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, அங்கே அனுப்பாதீர்கள்.